வாசகர் கேள்வி – பதில்: நான்கு கோர் பிராசசரை எதுவரை முடுக்கலாம்?

சென்ற இதழில் பழைய மேசைக் கணினிகளை மேம்படுத்துவது பற்றி எழுதியதைத் தொடர்ந்து, ஓவர்கிளாக்கிங் (பிராசசரைத் தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் முடுக்கி ஓட்டுவது) குறித்துப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நான்கு கோர் (கணக்கிடும் மையம்) கொண்ட பிராசசர்களைப் பற்றியவை என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருப்பதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, என்னிடம் இன்டெல் கோர் ஐ7-7700கே இருக்கிறது. யூடியூப் காணொளி ஒன்றில் ஒருவர் இதே பிராசசரை 5.0 கிகாஹெர்ட்ஸில் 78 டிகிரி செல்சியஸுக்குள் ஓட்டிக் காட்டுகிறார். அவர் பயன்படுத்திய அதே காற்றுக் கூலரைத்தான் நானும் வாங்கிப் பொருத்தினேன். 4.8 கிகாஹெர்ட்ஸ் வைத்துப் பிரைம்95 என்ற சுமைச் சோதனை மென்பொருளை ஓட்டினால் வெப்பம் 95 டிகிரியைத் தாண்டுகிறது. எனக்குக் கிடைத்தது மட்டமான சில்லா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: சில்லைக் குறை சொல்வதற்குமுன் உங்கள் அறையின் வெப்பநிலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றால் குளிர்விக்கும் கூலரானாலும் நீரால் குளிர்விக்கும் கூலரானாலும், அறைக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே பிராசசரைக் கொண்டுசெல்ல அவற்றால் இயலாது. பிராசசர் எத்தனை வாட் வெளிவிடுகிறதோ, அதற்கு ஏற்ற அளவு அறை வெப்பநிலைக்கு மேலே ஏறி நிற்கும். காணொளியில் உள்ளவர் குளிர்நாட்டில் 21 டிகிரி அறையில் உட்கார்ந்திருந்தால், அவர் காட்டிய 78 என்பது உண்மையில் 57 டிகிரி ஏற்றம். அதே ஏற்றத்தை, சன்னல் திறந்திருக்கும் நம் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுப் படுக்கையறையின் 31 டிகிரிமேல் வைத்துப் பாருங்கள், 88 வந்துவிடும். சில்லு சூடேறச் சூடேற டிரான்சிஸ்டர்களின் கசிவு மின்னோட்டமும் கூடுவதால், அதற்கு மேலும் ஓரிரு டிகிரி சேரும். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானதே, அத்தகைய பிற்பகலில் அதே கணினி எந்தக் குறையும் இல்லாமலே 94-ஐ எட்டியிருக்கும். ஆகவே வெளிநாட்டுச் சோதனைகளின் வெப்ப அளவைப் படிக்கும்போது, அறை வெப்பநிலை எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்களா என முதலில் தேடுங்கள். எழுதாதவர்களின் வெப்ப எண்களை நம் ஊருக்குப் பயன்படுத்துவதில் பொருளில்லை.

அடுத்து, அவர் எந்தச் சோதனையை ஓட்டினார் என்பதைப் பாருங்கள். பிரைம்95-இன் சிறிய எஃப்எஃப்டி சோதனை, ஏவிஎக்ஸ் எனப்படும், பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் கட்டளைகளை இடைவிடாமல் நிறைவேற்றி, சினிபெஞ்ச் போன்ற சோதனைகளைவிட மிகக் கூடுதலான மின்சாரத்தை இழுக்கும். விளையாட்டு ஓடும்போது எடுத்த 78-ஐயும், பிரைம்95 ஓடும்போது எடுத்த 95-ஐயும் அருகருகே வைத்தால் எந்த முடிவுக்கும் வர முடியாது. மேலும், 2012இல் வந்த ஐவி பிரிட்ஜ் தொடங்கி உங்கள் 7700கே உட்பட, இன்டெல் தன் வீட்டுப் பயன்பாட்டுப் பிராசசர்களின் சில்லுக்கும் மேலுள்ள உலோக மூடிக்கும் இடையே ஈயப்பற்றுக்குப் பதிலாகப் பேஸ்ட்டைத்தான் வைத்திருந்தது. அந்த மூடியைப் பெயர்த்தெடுத்து, பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுத் திரவ உலோகக் கலவையைப் பூசினால் வெப்பம் பத்து டிகிரிக்கு மேலும் குறையலாம். 7700கே-ஐ 5.0-இல் ஓட்டிக் காட்டியவர்களில் கணிசமானவர்கள் அப்படிச் செய்தவர்கள். அதை உங்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். கத்தி சற்று வழுக்கினால் பிராசசர் போய்விடும்.

இனி கணக்குக்கு வருவோம். பிராசசர் செலவிடும் இயங்கு மின்சக்தி, கிளாக் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் உயரும். 7700கே-இன் பெட்டியில் 4.2 என்று அச்சிட்டிருந்தாலும், நான்கு கோர்களும் வேலை செய்யும்போது அது தானாகவே 4.4-இல் ஓடும் என்பதால், உங்கள் ஒப்பீடு 4.4-இலிருந்துதான் தொடங்க வேண்டும். 4.4-ஐ 4.8 ஆக்குவது 9 விழுக்காடு உயர்வு. அதற்காக மின்னழுத்தத்தை 1.20 வோல்ட்டிலிருந்து 1.32 வோல்ட்டுக்கு ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், மின்சக்தி 32 விழுக்காடு கூடுகிறது. ஒன்பதைப் பெறுவதற்கு முப்பத்திரண்டைக் கொடுக்கும் பேரம் இது. நம் ஊர் அறையில் கொடுப்பதற்கு அவ்வளவு இடமும் கிடையாது. ஏனெனில் 100 டிகிரியைத் தொட்டவுடன் இந்தப் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். திரையில் 4.8 என்று எழுதிவைத்துவிட்டுச் சராசரியாக 4.5-இல் ஓடிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

என் யோசனை இது. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) மின்னழுத்தம் ‘ஆட்டோ’ என்று இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். மதர்போர்டு தயாரிப்பாளர்கள் எந்தச் சில்லும் நின்றுவிடக்கூடாது என்பதற்காகத் தேவைக்கு அதிகமாகவே மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். பெருக்கியை (100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கிளாக்கைப் பெருக்கும் எண்) 46-இல் வைத்து, மின்னழுத்தத்தை நீங்களே 1.25-இல் தொடங்கி, கணினி நிலை குலையாத அளவுக்கு 0.01 வோல்ட் வீதம் இறக்கிப் பாருங்கள். 4.6-ஐ 80-க்குச் சற்று மேலான வெப்பத்தில் நாள் முழுவதும் தாங்கும் கணினி, 95-இல் தத்தளிக்கும் 4.8-ஐவிடப் பல வேலைகளில் முந்தும். சில்லுக்குச் சில்லு தரம் மாறுவது உண்மைதான். உங்களுடையது எந்த வகை என்பது, 4.6-க்கு அது கேட்கும் மின்னழுத்தத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: பள்ளிச் செயல்திட்டத்துக்காக அப்பாவின் பழைய கோர் ஐ7-2600கே-ஐயும், என்னுடைய ஏஎம்டி ரைசன் 3 3300எக்ஸ்-ஐயும் ஒப்பிடுகிறேன். இரண்டும் நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்). இரண்டையும் 4.2 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தினேன். சினிபெஞ்சிலும் காணொளி என்கோடிங்கிலும் (காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றுவது) ரைசன் மிகவும் முந்துகிறது. ஆனால் ஒரே கிராஃபிக்ஸ் கார்டை மாற்றி மாற்றிப் பொருத்தி விளையாட்டை ஓட்டினால் நொடிக்கு வரும் பிரேம் (படம்) எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. நான் செய்த சோதனை தவறா?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், தெம்பனிஸ்

பதில்: சோதனையில் தவறு இல்லை. அதிலிருந்து எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்பதை மட்டும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை கிளாக் துடிப்புகள் என்பதைச் சொல்லும். ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை கட்டளைகள் முடிகின்றன என்பது கட்டமைப்பைப் பொறுத்தது. 2600கே 2011 ஜனவரியில் வந்தது. 32 நானோமீட்டர் தொழில்நுட்பம், 8 மெகாபைட் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்), டிடிஆர்3 நினைவகம். 3300எக்ஸ் 2020 மே மாதம் வந்தது. 7 நானோமீட்டர், 16 மெகாபைட் எல்3, டிடிஆர்4. இரண்டுக்கும் இடையே ஒன்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. என்கோடிங்கில் இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இன்றைய என்கோடர்கள் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளை நம்பியிருக்கின்றன. அவை 2013இல் வந்த ஹாஸ்வெல் பிராசசரில்தான் இன்டெல்லில் முதன்முதலாக இடம்பெற்றன. உங்கள் அப்பாவின் 2600கே-இல் அவை இல்லாததால், மென்பொருள் பழைய வழியில் சுற்றிப்போகிறது. எத்தனை கிகாஹெர்ட்ஸ் ஏற்றினாலும் இல்லாத கட்டளை வந்துவிடாது.

விளையாட்டில் இரண்டும் சமமாக வந்தது, கிராஃபிக்ஸ் கார்டு தன் எல்லையைத் தொட்டுவிட்டதால். பிராசசர் அடுத்த பிரேமைத் தயாரித்துவைத்துவிட்டுக் கார்டுக்காகக் காத்திருக்கிறது. திரைத் துல்லியத்தை 1280×720-க்கு இறக்கி, கிராஃபிக்ஸ் தரத்தையும் குறைத்து மீண்டும் ஓட்டுங்கள். மறைந்திருந்த வேறுபாடு வெளியே வரும். அப்போதும் சராசரி பிரேம் எண்ணிக்கையை மட்டும் குறிக்காமல், மிக மெதுவான ஒரு விழுக்காட்டுப் பிரேம்கள் எவ்வளவு நேரம் எடுத்தன என்பதையும் குறியுங்கள். நான்கு கோர் பிராசசர்கள் இன்றைய விளையாட்டுகளில் தடுமாறுவது சராசரியில் தெரியாது. திடீர்த் தேக்கங்களில்தான் தெரியும்.

உங்கள் செயல்திட்டத்துக்கு இன்னும் சுவையான ஒரு சோதனையைச் சொல்லவா? நண்பர் யாரிடமாவது ரைசன் 3 3100 இருந்தால் இரவல் வாங்குங்கள். 3100-உம் 3300எக்ஸ்-உம் ஒரே காலத்தில், ஒரே ஜென் 2 கட்டமைப்பில், ஒரே 16 மெகாபைட் எல்3 கேஷுடன் வந்தவை. கிளாக் வேகத்தைத் தவிர ஒரே ஒரு வேறுபாடுதான். 3300எக்ஸ்-இன் நான்கு கோர்களும் ஒரே தொகுதியில் இருந்து, 16 மெகாபைட்டையும் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. 3100-இலோ இரண்டு தொகுதிகளில் இரண்டிரண்டு கோர்களாகப் பிரிந்து, ஒவ்வொரு இணைக்கும் 8 மெகாபைட் என்று கேஷும் பங்குபோடப்பட்டிருக்கிறது. ஒரு தொகுதியின் கோர் மற்றொரு தொகுதியின் கேஷில் உள்ள தரவைக் கேட்டால், அது நீண்ட வழியில் சுற்றிவர வேண்டும். இந்த ரைசன் பிராசசர்களின் பெருக்கி பூட்டப்படாதது, நாமே மாற்றக்கூடியது என்பதால் இரண்டையும் 4.0-இல் நிறுத்தலாம். சினிபெஞ்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். விளையாட்டில் 3300எக்ஸ் முந்தும். ஒரே கட்டமைப்பு, ஒரே கிளாக், ஒரே அளவு கேஷ் என்றாலும், கோர்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது தனியே வெளிப்படும் அரிய வாய்ப்பு இது. பிராசசர் ஒப்பீட்டில் இவ்வளவு தூய்மையான இணை கிடைப்பது அபூர்வம்.

முறையைப் பற்றியும் சில சொற்கள். ஒரே ஒரு வேகத்தில் அளப்பதற்குப் பதிலாக 3.6, 3.9, 4.2 என மூன்று வேகங்களில் அளந்து, வேகம் எத்தனை விழுக்காடு கூடியது, பலன் எத்தனை விழுக்காடு கூடியது என்று எதிரெதிரே எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, 3.6-இல் 60 நொடி எடுக்கும் ஒரு வேலையில் 40 நொடி கோருக்குள்ளும், 20 நொடி நினைவகத்துக்காகக் காத்திருப்பதிலும் கழிகிறது என்று வைத்துக்கொள்வோம். 4.2-இல் அந்த 40 நொடி 34.3 ஆகச் சுருங்கும்; காத்திருக்கும் 20 நொடி அப்படியே நிற்கும். கிளாக் 16.7 விழுக்காடு உயர்ந்தும் வேலை 10.5 விழுக்காடுதான் விரைவாகிறது. இப்படிப் பின்தங்கும் வேலைகளுக்கு, பெருக்கியைவிட நினைவகத்தின் வேகத்தை உயர்த்துவது அதிகம் உதவும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் இணைச் செயலாக்கத்தைப் பற்றிச் சொன்ன வாதத்தின் உருவமும் இதுவே: மாறாத பகுதி எவ்வளவு என்பதுதான் மொத்த ஆதாயத்துக்கு எல்லை கட்டுகிறது.

ஒவ்வொரு சோதனையையும் குறைந்தது ஐந்து முறை ஓட்டி நடு மதிப்பை எடுங்கள். முதல் ஓட்டத்தில் கூலர் இன்னும் சூடேறாததால் எண் சற்றுக் கூடுதலாக வரும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரு கணினிகளிலும் விண்டோஸ் பதிப்பு ஒன்றாக இருக்கட்டும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளிப்பட்ட பிறகு வந்த பாதுகாப்புத் திருத்தங்கள், பழைய இன்டெல் பிராசசர்களில் வட்டில் எழுதும் படிக்கும் வேலைகளைக் கணிசமாக மெதுவாக்கின. ஒன்றில் திருத்தம் இருந்து மற்றொன்றில் இல்லாவிட்டால் உங்கள் அட்டவணையே பொய்யாகிவிடும். ரைசனில் மின்னழுத்தத்தை மிகவும் குறைத்தால், திரையில் 4.2 என்றே காட்டிக்கொண்டு உள்ளே கிளாக் துடிப்பை நீட்டித்து மெதுவாக ஓடும் தந்திரமும் உண்டு. ஆகவே காட்டும் வேகத்தை நம்பாமல், மதிப்பெண் குறைகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 2007இல் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் வாங்கிய இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600 இன்னும் என்னிடம் உயிரோடு இருக்கிறது, பி35 சிப்செட் மதர்போர்டு. அன்று துணிவு இல்லை. ஓய்வுபெற்ற பின் இப்போது பொழுதும் துணிவும் இருக்கின்றன. எவ்வளவு முடுக்கலாம்?
– தோ பாயோ வாசகர்

பதில்: இப்படியொரு கடிதம் வருவதே மகிழ்ச்சி. ஓவர்கிளாக்கிங்கைக் கற்றுக்கொள்வதற்குக் கியூ6600-ஐவிட நல்ல ஆசிரியர் எனக்குத் தெரிந்து வேறில்லை. அதன் பெருக்கி 9-க்கு மேலே பூட்டப்பட்டிருப்பதால், வேகத்தைக் கூட்டுவதற்கு ஒரே வழி, பிராசசரை மதர்போர்டோடு இணைக்கும் எஃப்எஸ்பி எனப்படும் பொதுப் பாதையின் வேகத்தைக் கூட்டுவதுதான். 266 மெகாஹெர்ட்ஸை 9-ஆல் பெருக்கினால் உங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ். அதை 333 ஆக்கினால் 3.0. இதில் உங்களுக்குச் சாதகமான செய்தி என்னவென்றால், பி35 சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) 333-ஐ, அதாவது நான்கு மடங்காக ‘எஃப்எஸ்பி 1333’ என்று குறிப்பிடப்படும் வேகத்தை, அதிகாரபூர்வமாகவே ஆதரிக்கிறது. மதர்போர்டு தன் வரம்புக்குள்ளேயே ஓடும். வரம்பு தாண்டுவது பிராசசர் மட்டுமே. அதுவும் அப்படியொன்றும் பெரிய தாண்டல் இல்லை. 2007 ஜூலையில் இன்டெல் தானே அதே குடும்பச் சில்லை 9×333 என்று அமைத்து, கியூஎக்ஸ்6850 என்ற பெயரில் 999 அமெரிக்க டாலர் பட்டியல் விலைக்கு விற்றது. அதே மாதத்தில் கியூ6600-இன் விலை 266 டாலருக்கு இறங்கியது. அன்றைய இளைஞர்கள் ஏன் அதன்மேல் பாய்ந்தார்கள் என்பதற்கு இந்த இரு விலைகளே போதிய விளக்கம்.

பிராசசரின் மூடியில் எஸ்எல்ஏசிஆர் என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஜி0 பதிப்பு, 95 வாட் வெப்ப வரம்பு கொண்டது, 3.0-ஐ மின்னழுத்தம் அதிகம் கூட்டாமலே தொட்டுவிடும். எஸ்எல்9யுஎம் என்று இருந்தால் அது முந்தைய பி3, 105 வாட், சூடு கூடுதல், 3.0-உடன் நிறுத்திக்கொள்வது நல்லது. நினைவகம் டிடிஆர்2-800 என்றால், பயாஸில் எஃப்எஸ்பியோடு அதற்குள்ள விகிதத்தைக் கையால் மாற்றி 333-இலும் அது 800-ஐத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராஃபிக்ஸ் கார்டு போன்றவை இணையும் பாதை) வேகத்தை 100-இல் பூட்டிவிடுங்கள். மறந்தால் வன்வட்டும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து தடுமாறும்.

நல்ல ஜி0 சில்லையும் 3.6 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுபோவது ஏன் சிரமம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கியூ6600-இன் உள்ளே இருப்பது நான்கு கோர் கொண்ட ஒரு சில்லு கிடையாது. இரண்டு கோர் கொண்ட இரு சில்லுகளை ஒரே பலகையில் அருகருகே ஒட்டியிருக்கிறார்கள். ஒரு சில்லு மற்றொன்றோடு பேச வேண்டுமானால் வெளியே போய்ப் பொதுப் பாதை வழியாகத்தான் வர வேண்டும். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்க மின்தூக்கியில் கீழ்த்தளத்துக்கு இறங்கி மீண்டும் ஏறிவருவதைப்போல. ஒரே பாதையில் இரு சில்லுகள் தொங்குவதால் மின்சுமையும் கூடி, இரண்டு கோர் பிராசசர்கள் தொட்ட எஃப்எஸ்பி வேகத்தை நான்கு கோர்கள் தொட முடிவதில்லை. ஒரே சில்லில் நான்கு கோர்களையும் அமைத்ததாகப் பெருமையோடு வந்த ஏஎம்டியின் ஃபீனம், 2007 நவம்பரில் டிஎல்பி (நினைவக முகவரிகளைக் குறித்துவைக்கும் பகுதி) குறைபாட்டோடு வந்து, அதைச் சரிசெய்யும் திருத்தத்தால் மேலும் மெதுவாகி, ஒட்டுப்போட்ட கியூ6600-இடம் தோற்றது அந்நாளைய வேடிக்கை. ஏஎம்டி தலைநிமிர்ந்தது 2009 தொடக்கத்தில் வந்த ஃபீனம் 2 எக்ஸ்4 940-இல்தான். அதன் பெருக்கி பூட்டப்படாதிருந்தது.

தொடங்குவதற்குமுன் தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பியுங்கள். இத்தனை ஆண்டுப் பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகியிருக்கும். மதர்போர்டின் மின்தேக்கிகள் உப்பியிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பவர் சப்ளையை நம்பாதீர்கள். விண்டோஸ் 11-ஐ மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அதன் 24எச்2 பதிப்பு கேட்கும் எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் இந்தப் பிராசசரில் இல்லை. லினக்ஸ் தாராளமாக ஓடும்.

கேள்வி: தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் மகன் ஓவர்கிளாக் செய்யக்கூடிய பிராசசர்தான் வேண்டும் என்கிறான். கோர் ஐ3-12100எஃப் போதும் என்கிறார் அவன் மாமா. உத்தரவாதம் போய்விடும் என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாயார், பொங்கோல்

பதில்: மாமா சொல்வதே சரி, அம்மா. 12100எஃப்-இன் பெருக்கி பூட்டப்பட்டது. மகன் அதை முடுக்க முடியாது. ஆனால் 2022இல் வந்த இந்த நான்கு கோர் பிராசசர், தானாகவே 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 2017இல் உயர்ந்த விலைக்கு விற்ற 7700கே-ஐ 4.8-க்கு முடுக்கினாலும், பெரும்பாலான வேலைகளில் இது பின்தங்காது, மின்சாரமும் குறைவு. பூட்டு இல்லாத பிராசசருக்கும் அதற்குரிய விலை கூடிய மதர்போர்டுக்கும் கூலருக்கும் செலவிடும் பணத்தை, ஆறு கோர் பிராசசருக்கோ நல்ல கிராஃபிக்ஸ் கார்டுக்கோ கொடுத்தால் மகனுக்கு அதிகப் பயன். மதர்போர்டின் சிப்செட் எச்610 ஆக இல்லாமல் பி660 ஆக இருக்கட்டும். நினைவகத்தையாவது அவன் முடுக்கிப் பார்த்துக்கொள்வான்.

உத்தரவாதம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. நிர்ணயித்த வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தாண்டுவதால் ஏற்படும் சேதத்தை இன்டெல், ஏஎம்டி இரண்டின் உத்தரவாதமும் ஏற்பதில்லை. முன்பு தனிக் கட்டணம் பெற்று இன்டெல் அளித்துவந்த பாதுகாப்புத் திட்டமும் 2021இல் நிறுத்தப்பட்டது.

கேள்வி: என் இன்டெல் கோர் ஐ5-2500கே 4.5 கிகாஹெர்ட்ஸில் சினிபெஞ்சைப் பத்து நிமிடம் தாண்டுகிறது. பிரைம்95-ஐயும் ஒரு மணி நேரம் தாங்குகிறது. ஆனால் இணையத்தில் சும்மா படித்துக்கொண்டிருக்கும்போது நீலத் திரை வருகிறது. முழுச் சுமையில் நிற்பது, சுமையே இல்லாதபோது விழுவானேன்?
– தேசிய சேவையாளர், சுவா சூ காங்

பதில்: சுமையின் கீழ் உங்கள் பிராசசருக்குக் கிடைக்கும் மின்னழுத்தமும், ஓய்வில் கிடைக்கும் மின்னழுத்தமும் வேறுவேறு. பயாஸில் 1.30 என்று எழுதினாலும், நான்கு கோர்களும் மின்னோட்டத்தை இழுக்கும்போது அது 1.26-ஆகத் தாழும். இந்தத் தாழ்வை ஈடுசெய்வதற்காக மதர்போர்டுகளில் எல்எல்சி என்ற அமைப்பு இருக்கிறது. நீங்கள் அதை உச்சத்தில் வைத்து, அடிப்படை மின்னழுத்தத்தைக் குறைவாகக் கொடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்போது முழுச் சுமையில் போதிய மின்னழுத்தம் கிடைக்கும். இலேசான சுமையில் கிடைக்காது. இணையப் பக்கத்தைத் திறக்கும் கணத்தில் பிராசசர் உறக்க நிலையிலிருந்து 1.6-இலிருந்து 4.5-க்குத் தாவுகிறது; மின்னழுத்தம் அந்தத் தாவலுக்கு ஒரு கணம் பிந்தினால் போதும், நீலத் திரைதான்.

எல்எல்சியை நடு நிலைக்கு இறக்கி, அடிப்படை மின்னழுத்தத்தை 0.01 வோல்ட் வீதம் ஏற்றுங்கள். ஆஃப்செட் முறையில் (இயல்பான மின்னழுத்தத்திலிருந்து இவ்வளவு குறை என்று சொல்லும் முறை) வைத்திருந்தால், ஓய்வு நிலை மின்னழுத்தமும் சேர்ந்தே குறைந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் எண் 19 கொண்ட பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வன்பொருள் பிழை நேர்ந்து, பிராசசரே அதைத் திருத்திக்கொண்டது என்பதன் குறிப்பு அது. நீலத் திரை வராவிட்டாலும் அந்தப் பதிவுகள் சேர்ந்துகொண்டிருந்தால் உங்கள் 4.5 நிலையானதன்று. நினைவகத்தையும் சேர்த்து முடுக்கியிருந்தால், அதை முதலில் இயல்பு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிராசசரைத் தனியே சோதியுங்கள். இரண்டையும் ஒருசேர மாற்றியவர்கள் பழியை எதன்மேல் போடுவது என்று தெரியாமல் வாரக்கணக்கில் அலைவார்கள். உங்கள் 2500கே சேர்ந்த சாண்டி பிரிட்ஜ் குடும்பத்தில் அடிப்படைக் கிளாக்கை 100-இலிருந்து நகர்த்தவே வேண்டாம். பிசிஐ எக்ஸ்பிரஸும் வட்டு இணைப்பான சாட்டாவும் அதையே சார்ந்திருப்பதால், சில மெகாஹெர்ட்ஸிலேயே வட்டில் எழுதும் தரவு பழுதாகலாம்.

கேள்வி: ஓவர்கிளாக் செய்தால் பியூபி பில் (மின்கட்டணம்) ஏறுமா?
– பிடோக் வாசகர்

பதில்: ஏறும், கவலைப்படும் அளவுக்கு ஏறாது. கூடுதலாக 30 வாட் செலவாகி, நாளுக்கு நான்கு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினாலும் மாதத்துக்கு 3.6 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று வைத்தால் ஒரு வெள்ளியைச் சற்றுத் தாண்டும். பில்லை உண்மையில் ஏற்றுவது, அறை சூடாகிவிட்டது என்று நீங்கள் கூடுதலாகப் போடும் குளிர்சாதனம்.

கேள்வி: குளிர்சாதனக் காற்று நேரே படும்படி கணினிப் பெட்டியை வைத்தால் ஈரம் படியுமா? நீர்க் கூலரின் தண்ணீரைப் பனிக்கட்டி போட்டுக் குளிர்விக்கலாமா?
– செங்காங் வாசகர்

பதில்: முதலாவது பரவாயில்லை; இரண்டாவது வேண்டவே வேண்டாம். ஒரு பரப்பின் வெப்பநிலை, அதைச் சுற்றியுள்ள காற்றின் பனிநிலைக்கு (காற்றிலுள்ள ஈரம் நீராகத் திரளத் தொடங்கும் வெப்பநிலை) கீழே போனால்தான் ஈரம் படியும். 31 டிகிரியும் 75 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட நம் அறைக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. குளிர்சாதனக் காற்றோ ஈரம் குறைந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் பாகங்கள் எல்லாம் அந்தக் காற்றைவிடச் சூடானவை. ஆகவே அங்கே ஈரம் படிய வழியில்லை. பனிக்கட்டி போட்ட தண்ணீர் 26-க்கு வெகு கீழே இருக்கும்; குழாயின் வெளிப்புறத்தில் வியர்த்து, சொட்டு நேரே மதர்போர்டில் விழும். திரவ நைட்ரஜனால் குளிர்வித்துச் சாதனை படைப்பவர்கள் மதர்போர்டு முழுவதையும் காப்புப் பொருளால் மூடிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். குளிர்சாதனத்தை நிறுத்திச் சன்னலைத் திறக்கும்போது, கணினி அணைந்து குளிர்ந்த நிலையில் இருந்தால் உலோகப் பாகங்களில் சிறிது ஈரம் படியக்கூடும்; அரை மணி நேரம் கழித்து இயக்குங்கள். பெட்டியின் முன்புறத் தூசு வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டினாலே, காற்றோட்டம் சீராகி வெப்பம் சில டிகிரி இறங்கக் காணலாம்.